மெத்தை வீடு இருநூற்றுப் பன்னிரண்டு

கோவளத்துக்குத் தெற்கே கடலோரமாக இருந்த அந்த டவுன் பஞ்சாயத்தின் பட்ஜெட்டில், 1973 மார்ச்சில் நாலாயிரம் ரூபாய் துண்டு விழுந்தது. வழக்கமாகத் தெருவிளக்குகளை அணைத்துச் சரிக்கட்டுவார்கள். அந்த வருஷம் அணைக்க விளக்கு மிச்சமில்லை.

ஆகவே வீட்டு வரியைத் திருத்தத் தீர்மானம் வந்தது. கூரை வீட்டுக்கு வருஷம் மூன்று ரூபாய், ஓட்டு வீட்டுக்கு எட்டு, மெத்தை வீட்டுக்கு இருபத்தைந்து. கணக்கெடுக்கிற வேலை பில் கலெக்டர் சதாசிவத்தின் தலையில் விழுந்தது. திருநெல்வேலிச் சீமைக்காரன், வேலைக்கு வந்து ஐந்தரை மாதம். ஆறாம் மாதம் தலைவர் கோதண்டராமன் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் ஊருக்கு பஸ்.

"துண்டு விழாம பாத்துக்க. கையெழுத்து தானா வரும்" என்றார் தலைவர்.

தளம் போட்ட மாடி வீட்டை அந்தப் பக்கத்தில் மெத்தை வீடு என்பார்கள். சதாசிவத்தின் ஊரில் அது காரை வீடு. அங்கே மெத்தை என்றால் படுக்கிற மெத்தைதான். சர்க்கார் எதற்குத்தான் வரி போடவில்லை என்று எண்ணிக்கொண்டு, வீடு வீடாகப் போய் "மெத்தை இருக்கா?" என்று கேட்டான். ஓலைக் கூரை கண்ணுக்குத் தெரிந்தும் கேட்கிறவன் படுக்கையைத்தான் கேட்கிறான் என்று ஜனங்களும் புரிந்துகொண்டு, மருமகள் சீராகக் கொண்டுவந்த இலவம் பஞ்சு மெத்தையைப் பெருமையாகக் காட்டினார்கள். அவன் அமுக்கிப் பார்த்து எழுதிக்கொண்டான்.

தலைவர் வீடு இரண்டு மாடி. ஆனால் இடுப்பு வலிக்கு ஆகாது என்று வைத்தியர் சொன்னதில் அங்கே மெத்தை ஒழிந்து பாய் வந்திருந்தது. மெத்தையும் இல்லை, ஓடும் இல்லை. பட்டியலில் மிச்சமிருந்தது கூரை வீட்டுக் கலம். அதில் எழுதினான்.

மெத்தை வீடு 212. துண்டு மறைந்தது, இரண்டு விளக்குக்கு மிச்சமும் வந்தது. "ஊரு வளந்துட்ச்சு!" என்று உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள். தலைவர் தம் பெயருக்கு எதிரே மூன்று ரூபாயைப் பார்த்தார். "விசுவாசமான பையன்பா" என்று முதுகில் தட்டினார். எதற்கென்று சதாசிவத்துக்கு விளங்கவில்லை.

பட்டியலை ஆபீஸ் சுவரில் ஒட்டிய மறுநாள், மீன் விற்கும் செங்கம்மாள் தலையில் ஒரு மெத்தையோடு வந்து அவன் மேஜைமேல் தொப்பென்று போட்டாள்.

"இதான் வூடா? வாசப்படி எங்க கீது, காட்டு!"

"மெத்தைக்கு வரிம்மா. தீர்மானம்."

"மெத்த வூடுன்னா தளம் போட்ட வூடுய்யா! பஞ்சு மூட்டைக்கா இருவத்தஞ்சு ரூவா? அப்ப தலைவரு வூடு இன்னா, ஓலக் குடிசயா?"

சதாசிவம் பட்டியலைப் பார்த்தான். குடிசைதான்.

பட்டியலில் என் பெயரை அடிக்கிறவரைக்கும் மெத்தையை எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவன் தலைவர் வீட்டுக்கு ஓடினான்.

"தப்பு நடந்துபோச்சு, ஐயா. திருத்தணும்."

"துண்டு வுயுதா?"

"இல்ல."

"அப்ப இன்னா தப்பு? கம்முனு இரு. உனக்கு இன்னா வோணும், கையெழுத்தா, பஸ்ஸா?"

சதாசிவம் கம்மென்று இருந்தான். இரண்டு நாள் மெத்தைமேல் முழங்கையை ஊன்றி ரசீது எழுதினான். வசதியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை தலைவர் மகளைப் பெண் பார்க்க ஊரப்பாக்கத்திலிருந்து வந்தவர்கள் ஆபீஸ் வாசலில் பஸ்ஸைவிட்டு இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா ரெவின்யூவில் ஓய்வு பெற்றவர். சுவரில் ஒட்டிய எதையும் படிக்காமல் தாண்டமாட்டார். 'கூரை வீடு, வரிசை எண் 1: கோதண்டராமன், தலைவர்.' இரண்டுமுறை படித்தார்.

"மாடி வீடுன்னு சொன்னாங்களே" என்றவர், திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு என்று சதாசிவத்திடம் கேட்டார்.

பத்து நிமிஷத்தில் சேதி கேட்டுத் தலைவர் மனுவும் கையுமாக ஓடிவந்தார். தம் வரியை மூன்றிலிருந்து இருபத்தைந்தாக உயர்த்தக் கோரும் மனு. பஞ்சாயத்துக்கு அப்படி ஒன்று அதுவரை வந்ததில்லை.

"இப்பவே திருத்துடா! பஸ் வந்துகினு கீது!"

"பட்டியலைத் திருத்த நிரந்தர ஊழியருக்குத்தான் அதிகாரம், ஐயா. நான் இன்னும் டெம்பரவரி." மெத்தைக்கு அடியிலிருந்து தன் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவை எடுத்து நீட்டினான்.

தலைவர் அவனை முறைத்தார், பஸ் ஹாரனைக் கேட்டார், மெத்தைமேல் வைத்தே கையெழுத்துப் போட்டார்.

"ஒருத்தருக்குத் திருத்தினா எல்லாருக்கும் திருத்தணும், ஐயா."

"திருத்தித் தொல!"

மெத்தை வீடு பதினேழு. துண்டு பழையபடி விழுந்தது.

சாயங்காலம் செங்கம்மாள் வந்தாள். "பர்மனெண்டு ஆயிட்டியாமே, நைனா? அப்ப ஒரு கை புடி."

சதாசிவம் மெத்தையைத் தூக்கி அவள் தலையில் வைத்தான்.