ஐந்தாவது கட்டம்

லிஃப்ட்டுக்குள் நானும், காலில் மாவுக்கட்டு போட்ட ஒரு அம்மாவும்தான் இருந்தோம். விசாரணை நடக்கும் ஆறாவது மாடிக்குப் போக வேண்டும். கதவு மூடியதும் அந்த அம்மா ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"கோவிச்சுக்காதீங்கம்மா. இதுக்குள்ள கண்ணத் திறந்தா மயக்கமா வருது" என்றார்.

அவர் யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் யாரென்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் கை விலகியிருக்கும்.

பக்கச் சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பராமரிப்பு அட்டை தொங்கியது. மாதத்துக்கு ஒரு வரி. கடைசி வரியில், பன்னிரண்டாம் தேதிக்கு எதிரே, என் தம்பியின் கையெழுத்து. குண்டு குண்டாக, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்து. அவன் மட்டும் படியேறி வந்துகொண்டிருந்தான். "நெஞ்சு படபடங்குதுக்கா, நடந்தா சரியாயிடும். நீயும் நடந்தே வாயேன்" என்று கீழே இரண்டு முறை கூப்பிட்டான். "என் முட்டி உன் முட்டி இல்லடா" என்று சொல்லிவிட்டு நான் பொத்தானை அழுத்தினேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிப் பிள்ளைகளுக்கு விவாதம் கற்றுக்கொடுக்கிறேன். பதினோரு வருடமாயிற்று. வீட்டில் எனக்குப் பெயர் எதிர்க்கட்சி. உப்பு கம்மி என்று என் வீட்டுக்காரர் சொன்னால்கூட ஆதாரம் கேட்பவள் நான்.

தம்பி ஒரு பராமரிப்புக் கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வயதில் ஸ்பேனரைக் கையில் எடுத்தவன். வேறு வேலை தெரியாது. அவன் பராமரிப்பில் இருந்த ஒரு குடியிருப்பு லிஃப்ட், இருபத்தாறாம் தேதி காலை மூன்றாவது மாடியிலிருந்து வழுக்கிக்கொண்டு போய் அடிக்குழியில் மோதியது. பிரேக் பட்டை தேய்ந்து போயிருந்தது. உள்ளே இருந்தவர் துணி தைத்துப் பிழைக்கும் ஒரு அம்மா. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பன்னிரண்டாம் தேதி தம்பி லிஃப்ட்டைப் பார்க்காமலேயே அட்டையில் கையெழுத்துப் போட்டான் என்பது கம்பெனியின் குற்றச்சாட்டு. அது நிரூபணமானால் வேலை போகும், உரிமமும் போகும். அவனுக்காகப் பேச ஒருவரை அழைத்து வரலாம் என்று நோட்டீஸில் இருந்தது. அவன் என்னை அழைத்தான்.

எனக்கு உள்ளூர ஒரு குஷிகூட இருந்தது. மறைப்பானேன்? ஜெயிக்கக்கூடிய வழக்கு. குற்றம் சாட்டுகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். நாம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. என் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் சொல்வது இது.

இரண்டாம் வகுப்பில் ஒரு தாளைக் கொடுப்பேன். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் எதிரணி சொல்லும் வாதங்கள், ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தில். வலப்பக்கம், ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரே, நம் பதில். வலப்பக்கம் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் அதை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். மௌனம் சம்மதம் என்று சும்மாவா சொன்னார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த அணி எந்தப் பக்கம் பேசுவது என்பதைக் காசு சுண்டித்தான் முடிவு செய்வோம். பூ விழுந்தால் ஆதரவு, தலை விழுந்தால் எதிர்ப்பு. அதனால், நீ பேசுவதை நீயே நம்புகிறாயா என்று நான் எந்த மாணவனிடமும் கேட்டதில்லை. எங்கள் தொழிலில் அது கேட்கிற கேள்வியே இல்லை.

நான்கு நாள் சாயங்காலம் தம்பியை என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து, நானே கம்பெனி அதிகாரியாக மாறிக் குடைந்தேன். "பிரேக் இருக்கிற மெஷின் ரூம் மேலதானே, அங்க எப்படிப் போவ?" என்றேன். "பூட்டியிருக்கும். சாவி காவலாளிகிட்ட இருக்கும். சாவிப் புத்தகத்துல எழுதிட்டுத்தான் குடுப்பாரு" என்றான். நல்ல பதில் என்று குறித்துக்கொண்டேன்.

விசாரணை அறையில் நீள மேஜை. ஒரு முனையில் விசாரணைத் தலைவர், வெளியிலிருந்து வரவழைத்த வக்கீல், பேசும்போது கண்ணை மூடிக்கொள்ளும் மனிதர். எதிரே கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. குடியிருப்பிலிருந்து கைக்குக் கிடைத்த காகிதத்தையெல்லாம் வாரி ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். சுவரோரம் தையல்கார அம்மா, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு. நான் யார் பக்கம் உட்காருகிறேன் என்று பார்த்ததும் அவர் முகம் மாறியது. என் உள்ளங்கை குறுகுறுத்தது.

அதிகாரி ஆரம்பித்தார். "சார், இந்த ஆள் ஏற்கெனவே ரெண்டு தடவை லேட்டா வந்து மெமோ வாங்கினவரு."

"அது ஆளப் பத்தின பேச்சு சார். பன்னெண்டாம் தேதி நடந்ததப் பத்தி இல்ல" என்றேன். முதல் கட்டம் நிரம்பியது.

"போன வருஷம் ரெண்டு மெக்கானிக் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு மாட்டினாங்க. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

"ஒரே பானையா இருந்தா சரிதான். இது வேற பானை, வேற அடுப்பு."

தலைவர் கண்ணைத் திறந்து என்னை ஒருமுறை பார்த்தார். அதிகாரி காலரைத் தளர்த்திக்கொண்டார். "இவர் போயிட்டு வந்த பதினாலாவது நாள் லிஃப்ட் விழுந்திருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"காக்கா உக்காந்துச்சு, பனம்பழம் விழுந்துச்சு. காக்காதான் தள்ளுச்சுன்னு யார் சொன்னா?"

"பார்த்திருந்தா பிரேக் தேஞ்சது தெரிஞ்சிருக்கும். தெரியலன்னா பார்க்கலன்னுதான் அர்த்தம்."

"பன்னெண்டாம் தேதியே அது தேஞ்சிருந்துச்சுன்னு யார் பார்த்தது சார்? நீங்க நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமா நீட்டறீங்க."

நான்கு கட்டமும் நிரம்பின. பக்கத்தில் தம்பி மேஜையைப் பார்த்தபடியே இருந்தான். ஜெயிக்கிறவன் முகம் இப்படியா இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. பயந்தாங்கொள்ளி, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதிகாரி பையின் வாயைச் சுருட்டிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல முணுமுணுத்தார். "மேல மெஷின் ரூமுக்கு இவர் போனத ஒருத்தரும் பார்க்கல, அதையும் சொல்லிடறேன்."

அது வாதமே இல்லை. ஒருவரும் பார்க்கவில்லை என்றால் ஒருவரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். தலைவர் அதை எழுதக்கூட இல்லை, பேனாவை மூடினார். "முடிச்சுக்கலாமா?" என்றார்.

என் கண் தாளில் இருந்தது. இடப்பக்கம் ஐந்து. வலப்பக்கம் நாலு. ஐந்தாவது கட்டம் வெள்ளையாகக் கிடந்தது. பதினோரு வருடத்துப் பழக்கம் சாமி, விடவில்லை. எழுந்துவிட்டேன்.

"ஒரு நிமிஷம் சார். மெஷின் ரூம் சாவிய எழுதிட்டுத்தான் வாங்க முடியும். சாவிப் புத்தகத்தப் பாருங்க. பன்னெண்டாம் தேதிக்கு இவன் பேரு இருக்கும்."

தம்பி என் கைப்பையின் வாரைப் பிடித்து இழுத்தான். உற்சாகப்படுத்துகிறான் என்று நினைத்தேன்.

அந்தப் புத்தகம் அதிகாரியின் பையிலேயே இருந்தது. வாரிக்கொண்டு வந்தாரே தவிர அதைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை அவருக்கு. தலைவர் வாங்கிப் பக்கத்தைப் புரட்டினார். விரல் மெல்லக் கீழே இறங்கியது. பத்து. பதினொன்று. பதிமூன்று. விரல் மறுபடி மேலே போய், மறுபடி இறங்கியது.

"பன்னெண்டாம் தேதி யாரும் சாவி வாங்கலியேம்மா" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளை பேசக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்கவில்லை, நான் வாங்குகிறேன். கம்பெனி தேடாத சாட்சியை நானே கையைப் பிடித்து அழைத்து வந்து என் தம்பிக்கு எதிராக நிறுத்தியிருந்தேன். பத்து நிமிடம் இடைவேளை கேட்டேன்.

படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்து அவன் சட்டையைப் பிடித்தேன். "அன்னிக்கு நீ மேல போனியா?"

"போகலக்கா."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே." சண்டைக்காக அவன் அதைச் சொல்லவில்லை. "சாவி எங்க இருக்கும்னு கேட்ட. பிரேக் எப்படிப் பார்ப்பன்னு கேட்ட. நாலு நாள் கேட்ட. நீ போனியாடான்னு மட்டும் கேக்கல. தெரிஞ்சுகிட்டேதான் கேக்கலன்னு நினைச்சேன்."

அறைய வேண்டும்போல இருந்தது. அவனையா என்னையா என்று தெரியவில்லை. கூடப் பிறந்தவனிடமும் நான் காசு சுண்டித்தான் பக்கம் எடுத்திருக்கிறேன்.

"அன்னிக்கு லிஸ்ட்ல பதினோரு லிஃப்ட். ஒண்ணச் சரியாப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். எட்டு மணி நேரம்தான் வேலை. எல்லாரும் மெஷின் ரூமுக்குப் போகாம லிஃப்ட்ல ஒரு தடவ ஏறி இறங்கிப் பார்த்துட்டு, சத்தம் வரலன்னா கையெழுத்துப் போட்டுடுவோம். நானும் போட்டேன்" என்றான்.

என் மண்டைக்குள் இருந்த மெஷின் அப்போதும் நிற்கவில்லை. தலைவர் புரட்டும்போது பார்த்திருந்தேன்: அந்தப் புத்தகத்தில் வேறு சில தேதிகளும் இல்லை. பதிவு இல்லை என்பதற்காகப் போகவில்லை என்று ஆகிவிடாது. காவலாளி எழுத மறந்திருக்கலாம். ஐந்தாவது கட்டத்தில் அதை எழுதினேன். நல்ல மறுப்பு. ஒரு போட்டியில் என்றால் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

தம்பி வாங்கிப் படித்தான். "அவரு மறக்க மாட்டாருக்கா. ஒரு தடவ என்கிட்ட பேனா இல்லன்னு சாவியத் தராம திருப்பி அனுப்பினாரு. இதச் சொன்னா அவரு வேலை போயிடும்."

"உன் வேலை?" என்றேன்.

அவன் பேனாவைக் கேட்டான். என் மறுப்பை ஒரே கோட்டில் அடித்தான். அதன் கீழே, அந்தப் பரிசு வாங்கிய எழுத்தில், "மேலே போகவில்லை" என்று எழுதினான்.

உள்ளே போய் அவனே எழுந்து நின்று சொன்னான். பதினொன்று, எட்டு, ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் சொன்னான். தலைவர் இந்த முறை கண்ணை மூடவில்லை. "அந்த லிஸ்ட் யார் போட்டது?" என்று அதிகாரியைக் கேட்டார். அதிகாரி பையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. என் தாளில் அவர் பக்கம் ஒரு கட்டம் காலியானது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படத் தெம்பில்லை எனக்கு.

"முடிவு எழுத்துல வரும். வேலையில வெச்சுக்கச் சொல்லி என்னால எழுத முடியாது, தம்பி. லிஸ்ட் விஷயத்தையும் எழுதுறேன்" என்றார் தலைவர்.

தம்பி தலையாட்டினான்.

அப்போது சுவரோரத்திலிருந்து தையல்கார அம்மா, "ஐயா, ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "பதினொண்ணுல என் லிஃப்ட் ஒண்ணு. மிச்சம் பத்து எங்க இருக்கு?"

அத்தனை நேரம் அத்தனை வாதம் செய்தோம், அந்தக் கேள்வி என் தாளின் இரண்டு பக்கத்திலும் இல்லை.

"நான் வந்தேனே, இந்த லிஃப்ட்டு?" என்றார்.

தம்பி அவரைப் பார்த்துச் சொன்னான். "இதுவும்தாம்மா."

அவன் ஏன் படியேறி வந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீயும் நடந்து வா என்று இரண்டு முறை கூப்பிட்டவனுக்கு, ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. நானும் அந்த அம்மாவும் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு மாடி ஏறியது நினைவுக்கு வந்தது.

லிஃப்ட்டை நிறுத்தச் சொல்ல, அதிகாரி கீழே இந்தக் கட்டடத்துக் காவலாளிக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. "நாளைக்குக் காலையில லிஃப்ட்டப் பார்க்க ஆள் வரும்" என்றார்.

"அதுவரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கவா?" என்றார் அந்த அம்மா.

தம்பி போய் அவர் நாற்காலியின் முன்னால் குனிந்தான். அந்த அம்மா அவனை முறைத்துப் பார்த்தார். "என்னத் தொடாத. நாற்காலிய மட்டும் பிடி" என்றார். அவன் முன்கால்களைப் பிடித்தான். அதிகாரி டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு முதுகுப் பக்கம் பிடித்தார். ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு முட்டிவலியோடு நான் பின்னால் இறங்கினேன்.

ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவைக் கடந்துதான் அடுத்த படிக்குத் திரும்ப வேண்டும். நான்காவது மாடியில் ஃபைல்களோடு ஒருவர் பொத்தானை அழுத்தியபடி நின்றிருந்தார். லிஃப்ட் வந்து கதவு திறந்தது.

"ஏறாதீங்க. பார்க்காத லிஃப்ட் அது" என்றான் தம்பி, நாற்காலியைக் கீழே வைக்காமல், மூச்சிரைக்க.

"உள்ள அட்டையில பார்த்ததாத்தானே போட்டிருக்கு? அத இல்லன்னு சொல்ல நீ யாருப்பா?" என்றார் அவர், ஒரு காலை உள்ளே வைத்து.

"கையெழுத்துப் போட்டவன்" என்றான்.

அவர் காலை வெளியே எடுத்தார்.