பெரு நாட்டு வற்றல்

அடுத்த வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்பது என் பழக்கமில்லை. இந்த அரபு ஊரில், சத்வாவில், சுவர் அவ்வளவு மெல்லிசு, நான் என்ன செய்ய?

எழுபத்து நாலாம் வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் கல்யாணசுந்தரமும் அவர் மனைவி தாமரையும். அவர் துறைமுகம் கட்டும் வேலையில் இன்ஜினீயர். தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக்குப் போகிறாயா என்று கம்பெனி கேட்டிருந்தது. வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மனிதருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் தாமரை இல்லாமல் போகமாட்டார். அவளோ பிடி கொடுக்கவில்லை.

ஆகவே டூட்டி முடிந்து வந்ததும், சட்டைகூட மாற்றாமல் பாடம் ஆரம்பித்துவிடுவார்.

"கடலோரம் பூரா பாலைவனம் தாமரை. மழையே கிடையாது."

"இங்க மட்டும் கொட்டுதாக்கும்!"

"பின்னாலயே மேகத்தைத் தொடுற மலை. அதுல இன்கா ராஜாக்கள் ரோடு போட்டாங்க. வண்டியே கிடையாது, எல்லாம் நடைதான்."

"உங்க சைட் ஆளுங்க மாதிரி."

நான் சிரிப்பை விழுங்கினேன்.

"அங்க உருளைக்கிழங்கை ராத்திரிப் பனியில பரப்புவாங்க. உறைஞ்சதும் காலால மிதிச்சுத் தண்ணிய எடுத்து, வெயில்ல காய வைப்பாங்க. வருஷக்கணக்கா கெடாது."

முதல் தடவையாக எதிர்ப்பேச்சு வரவில்லை. "வத்தலாங்க?" என்றாள்.

மறுநாள் தட்டு நிறையக் கிழங்கோடு என் வாசலில் நின்றாள். "அக்கா, உங்க ஃப்ரிட்ஜ்ல ஐஸ் பெட்டி பெரிசுதானே?"

உறைந்த கிழங்கை மொட்டைமாடியில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் மிதித்த அழகை நான் ஒருத்திதான் பார்த்தேன். ஆனால் சத்வாப் புழுக்கம் சும்மா விடுமா? கிழங்கு கறுத்து, நாற்றம் தெருமுனைத் தையற்கடைவரை போனது.

புதன்கிழமை சாயங்காலம் அதையும் பொரித்து வைத்தாள். அவர் ஒன்றைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு."

பாவம், போச்சு பெரு என்று நினைத்தேன்.

"முதல்ல துப்புங்க," என்றாள் தாமரை. "என் கைப்பக்குவத்துல தப்பில்ல. இந்த ஊர்ல பனிக்கு எங்க போறது? அந்த மலையில போட்டாத்தான் வரும்."

"அப்ப வர்றியா?"

"பின்ன, அங்க போய் யார்கிட்ட பாடம் நடத்துவீங்க?"

அவள் சம்மதித்ததும் பாடம் நின்றுவிட்டது. அவர் சொன்ன கதையில் ஸ்பெயின்காரர்கள் அப்போதுதான் இன்கா ராஜாக்கள் நாட்டில் வந்து இறங்கியிருந்தார்கள். மிச்சத்தை நான் யாரிடம் போய்க் கேட்பது?