நெற்றிக்கு நேரே

நெற்றிக்கு நேரே வெள்ளைத் துப்பாக்கியை நீட்டி விசையை அழுத்தினாள் அக்கா. பெரியப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"காய்ச்சல் பாக்கறதுதான் பெரியப்பா. உள்ள போங்க."

"தெரியும்மா. உடம்புக்குத் தெரியலையே."

அந்தக் கூடத்துக்கு வந்த எல்லாருமே ஒரு நொடி அப்படித்தான் சுருங்கினார்கள். காய்ச்சல் பார்க்கும் கருவியைத் துப்பாக்கி மாதிரி செய்த புண்ணியவான் மட்டும் கையில் கிடைத்திருந்தால், அவனையும் அக்கா சும்மா விட்டிருக்க மாட்டாள்.

தொற்றுக் காலம். சாவுக்கு வருகிறவர்களையும் வாசலில் நிறுத்திச் சோதித்துத்தான் விட வேண்டும். உள்ளே பெட்டியில் கிடந்த தம்பிக்கும் இதே உத்தியோகம்தான், ஒரு பெரிய கடையின் வாசலில். நெற்றியில் பிடித்து, "சுட்டாச்சு, போங்க" என்பான். அதற்கு அவன் ஒருவன்தான் சிரிப்பான். போன வாரம் நிஜத் துப்பாக்கியோடு வந்தவனையும் நிறுத்தி நெற்றியைக் காட்டச் சொல்லியிருக்கிறான். முதல் குண்டு தம்பிக்கு. பிறகு கடைக்குள் பத்துப் பேர். சுட்டவன் ஒரு கீறல்கூட இல்லாமல் பிடிபட்டான்.

தெருவில் கூட்டம் நின்றது. அவனைத் தூக்கில் போடு, அவன் குடும்பத்தைக் கொளுத்து என்ற கத்தலில் தொண்டை கட்டிப்போன குரல் ஒன்று தனியாகக் கேட்டது. அக்காவின் இன்னொரு தம்பி, சின்னவன். கையில் ஒரு கட்டை வேறு.

வரிசையில் அடுத்த ஆள் வந்து நின்றார். அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முகம் ஏது? அவள் சலவைக்கடைக்காரி. முகக்கவசம் வந்ததிலிருந்து ஆட்களைச் சட்டையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாள்.

நீலக் கோடு போட்ட சட்டை. மூன்றாவது பொத்தான் மட்டும் கறுப்பு. சலவைக்கு வந்த அன்றைக்கு வெள்ளைப் பொத்தான் தீர்ந்துபோய் அவளே தைத்தது. சுட்டவனின் அப்பாவைத் தலையில் துண்டைப் போட்டுப் போலீஸ் கூட்டிப் போனதைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. அந்தப் பொத்தானைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். யாரிடமும் சொல்லவில்லை. நல்ல சமயத்துக்கு என்று வைத்திருந்தாள்.

"நீங்க யாரு?"

"கடைக்கு வர்ற ஆளும்மா. தினம் எனக்கும் நெத்தியில பிடிப்பாரு. ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்."

இந்த ஆள் எதிரில் வந்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாக இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தாள். ஒன்றையும் பிரிக்க முடியவில்லை. அவ்வளவெல்லாம் தேவையுமில்லை. 'இவர்தான்' என்று தெருவைப் பார்த்து ஒரு வார்த்தை. மீதியைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும். சின்னவன்தான் முதலில் வருவான். வரட்டும் என்றுதான் இருந்தது. அந்தச் சட்டை கிழிகிற சத்தம்கூட அவளுக்குக் கேட்டது.

கருவியை நீட்டினாள். மற்றவர்களைப் போல அந்த ஆள் சுருங்கவில்லை. நெற்றியைக் கொஞ்சம் முன்னால் கொடுத்தார்.

தொண்ணூற்றேழு.

"நூத்தி மூணு" என்றாள் அக்கா.

"எனக்கு ஒண்ணும் பண்ணலையேம்மா."

"மெஷின் பொய் சொல்லுமா?"

சின்னவன் கட்டையோடு வந்துவிட்டான். "என்னக்கா? என்ன தகராறு?"

"காய்ச்சல் இவருக்கு. கிட்ட வராத, ஒட்டிக்கும்."

நாலு பேரையாவது கொல்லாமல் சோறு இறங்காது என்று அலைந்தவன், காய்ச்சல் என்றதும் துள்ளி விலகினான். "வீட்டுல கிடக்க வேண்டியதுதானே பெரியவரே, அறிவு வேணாம்?" என்று திட்டிவிட்டுத் தெருவுக்கே போனான்.

அந்த ஆள் திரும்பினார். உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்க்க முயன்றார். அக்கா நகர்ந்து மறைத்துக்கொண்டாள்.

"ஐயா."

நின்றார்.

"இந்தச் சட்டைய இனிமே என் கடைக்குக் கொண்டுவராதீங்க."

அவள் கண்ணைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். கறுப்புப் பொத்தானைக் கையால் பொத்திக்கொண்டு படியிறங்கினார்.

பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். அக்கா ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கருவியைத் திருப்பிக் கொடுக்க மறந்து மடியிலேயே வைத்திருந்தாள். தெருமுனை பஸ் நிறுத்தத்தில் அந்த ஆள் தனியாக நின்றிருந்தார். புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். எடுத்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார்.