எண்ணெய் இல்லாத குழிகள்

அவள் மறுபடியும், செல்களைக் கதகதப்பில் வளர்க்கும் இன்குபேட்டரின் கதவைத் திறக்கப் போனாள். ஆய்வகத்தில் எதிர் மேஜைக்காரனுக்குத் தடித்த கண்ணாடி. எல்லோருக்கும் அவன் சோடாபுட்டி. தலையைத் தூக்காமலே சொன்னான்:

"சும்மா சும்மா திறக்காதே. அதுங்களுக்குச் சளி பிடிச்சிடும்."

உட்கார்ந்தாள். எழுந்தாள். கழுவிய குடுவைகளைத் திரும்பக் கழுவினாள்.

தங்கை கர்ப்பமாக இருந்தாள். மீனைத் தவிர வேறெதுவும் அவள் வயிற்றில் தங்கவில்லை. பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும், குறைத்துக்கொள் என்று மருத்துவர் சொன்னதும் அக்காவிடம் கேட்டாள். அக்கா அதைத்தானே ஆராய்கிறாள். அக்காவின் ஆய்வுத் தட்டில், பாதரசம் மட்டும் விட்ட சிறு குழிகளில் மூளைச் செல்கள் சுருங்கிச் செத்திருந்தன. மீன் எண்ணெயின் கொழுப்பு அமிலத்தை முன்பே குடித்தவை பிழைத்திருந்தன. மகிழ்ச்சியில் வாய் முந்திக்கொண்டது. மீனிலேயே மருந்தும் இருக்கிறது, பயப்படாமல் சாப்பிடு என்று சொல்லிவிட்டாள்.

நேற்றுக் காலை சோடாபுட்டி அந்தப் படங்களைப் பார்த்தான். கொழுப்பு அமிலம் தண்ணீரில் கரையாதே, எதில் ஏற்றினாய் என்று கேட்டான். ஆல்புமினில், எல்லோரையும் போல, என்றாள். அந்தப் புரதம்தான் அமிலத்தைச் சுமந்து போய்ச் செல்லிடம் சேர்க்கும்.

"எண்ணெய் இல்லாத குழிக்கும் ஆல்புமின் விட்டியா?"

விடவில்லை. ஆல்புமின் பாதரசத்தையும் இறுகப் பிடித்துக்கொள்ளும்; செல்களைக் காப்பாற்றியது எண்ணெயாக இல்லாமல் அதுவாகவே இருக்கலாம். அவளுக்குத் தெரியாததல்ல. சரக்கையே பார்த்துக்கொண்டிருந்ததில் வண்டியை மறந்திருந்தாள்.

உடனே புதுத் தட்டு வைத்தாள். ஒரு வரிசைக்கு ஆல்புமின் மட்டும், பிறகு பாதரசம். எண்ணெய் ஒரு துளிகூட இல்லை. அந்த வரிசை செத்தால் தங்கையிடம் சொன்ன சொல் நிற்கும். தான் வளர்த்த செல்கள் சாக வேண்டும் என்று முதல் தடவையாக ஆசைப்பட்டாள்.

நேரம் வந்தது. தட்டை நுண்ணோக்கியில் வைத்தாள்.

எண்ணெயையே காணாத செல்கள் கிளை விரித்துச் செழிப்பாக இருந்தன.

சோடாபுட்டியும் குனிந்து பார்த்தான். பாதரசத்தை ஆல்புமின் வெளியிலேயே பிடித்து வைத்துவிட்டது என்றான். அதற்காக எண்ணெய் ஒன்றும் செய்யவில்லை என்றாகிவிடாது, அதன் பங்கைத் தனியாகப் பார்க்கலாம் என்றான். நியாயமான பேச்சு. அவள் காதில் ஏறவில்லை. படிக்கட்டுக்குப் போய்த் தங்கையை அழைத்தாள்.

தங்கை மென்றுகொண்டே பேசினாள்.

"சொல்லுக்கா. உன் மருந்தைத்தான் தின்னுட்டிருக்கேன்."

"அதை வெச்சிடு. நான் சொன்னது தப்பு."

மெல்லும் சத்தம் நின்றது.

"அப்போ குழந்தைக்கு?"

"தெரியலைடி. ரத்தம் பார்த்தாதான் தெரியும். கிளம்பி இரு, நான் வரேன்."

தட்டு நகரும் சத்தம் கேட்டது. பிறகு குழாய். தங்கை வாய் கொப்பளித்தாள், துப்பினாள், மறுபடி கொப்பளித்தாள். அக்கா கையுறையைக் கழற்றாமல், போனைக் காதிலிருந்து எடுக்காமல் படியிறங்கினாள். குழாய் நிற்கவே இல்லை.