அவள் உருவிய கையுறைகள்

தீக்காய வார்டுக்கு வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். வலது கை முழங்கை வரைக்கும் வெந்திருந்தது. அக்காவோடு வெளிநாட்டிலிருந்து இங்கே பிழைக்க வந்தவள்; கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ரப்பர் பாலில் தோய்த்த பீங்கான் கை அச்சுகள் சுடச்சுடச் சங்கிலியில் வரிசையாக வரும். அவற்றிலிருந்து ரப்பர் கையுறையை உருவி எடுக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே. கண் அசந்த நொடியில் சங்கிலி அவள் கையையும் அச்சுகளைக் காயவைக்கும் அடுப்புக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

வார்டு நர்ஸான நான் முதல் நாள் அவள் கட்டைப் பிரிக்கப் போனபோது, பெட்டியிலிருந்து கையுறை எடுத்தேன். அவள் பெட்டியையே பார்த்தாள்.

“அக்கா, இது எங்க கம்பெனி.”

எடுத்த கையுறையைப் புரட்டிப் பார்த்தேன். அவளே சிரித்தாள்.

“பயப்படாதீங்க, ஓட்டை இருக்காது. இருந்தா சூப்பர்வைசர் எங்க தோலை உரிச்சிடுவாரு.”

சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

கையுறை போடாமல் தொட்டால் புண்ணில் சீழ் வைக்கும். போட்டுத் தொட என் மனசு கூசியது. வேறு கம்பெனியில் வாங்கலாமே என்று தலைமை நர்ஸிடம் கேட்டேன். அவர் நான்கு பெட்டிகளைத் திருப்பிக் காட்டினார். பெயர்கள் வேறு, அடியில் ஒரே முகவரி.

“நான் விசாரிக்கலைன்னு நினைச்சியாம்மா? மூணு வருஷமா மேல எழுதிட்டுத்தான் இருக்கேன்.”

தொழிலாளர் அலுவலகத்துக்கு நானே ஒரு மனு எழுதினேன். அவளிடம் படித்துக் காட்டியதும் பதறிப்போனாள்.

“வேணாங்க்கா. எங்க பாஸ்போர்ட்டெல்லாம் அவங்க கையில இருக்கு. என் அக்காவும் அங்கதான் வேலை செய்யுறா.”

மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இருபத்திநாலாம் நாள் சூப்பர்வைசர் வந்து அவளைக் கூட்டிப்போனார். புண் இன்னும் ஆறவில்லை. இரண்டு விரல் மடங்கவில்லை. இன்னும் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. பெட்டி ஒட்டும் வேலைக்கு ஒரு கை போதுமாம்.

“வரேங்க்கா,” என்றாள். களிம்பு டப்பாவை இடது கையில் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே மனுவைத் தபாலில் போட்டேன். அவள் வேண்டாம் என்றது காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: ஆய்வு செய்தார்களாம், குறை ஏதுமில்லையாம். உடனே தொழிற்சாலைக்கு ஃபோன் போட்டு அவளைப் பற்றிக் கேட்டேன்.

“அப்படி யாரும் இங்க இல்லையே.”

“அவ அக்கா?”

ஃபோனை வைத்துவிட்டார்கள்.

என் மனுவால்தானா என்று யாரைக் கேட்பது? வார்டில் வெந்நீர் கொட்டிய குழந்தை ஒன்று வீரிட்டு அழுதது. கையுறை மாட்டிக்கொண்டு ஓடினேன்.