சொம்புத் தண்ணீர் கேஸ்

போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். எந்தத் தொல்லை வந்தாலும் என் புத்திக்கு அது கேஸாகத்தான் படும். ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் ஆல்வின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, ரெண்டு கிட்னியும் ஏறக்குறைய படுத்துவிட்டது என்றபோதும், "ஜாமீன் கிடைக்குமா டாக்டர்?" என்றுதான் கேட்டேன்.

"கெட்டுப்போன கிட்னி இனி சரியாகாதுய்யா. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் பண்ணிக்கிட்டா நல்லா இருக்கலாம். மாற்றுக் கிட்னிக்கும் பதிஞ்சு வச்சிருவோம்," என்றார்.

ஆக, ஆயுள் தண்டனை. அதிர்ஷ்டம் இருந்தால் பரோல். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னதுதான் அக்கிரமம். ராஜபாளையத்து வெயிலில் நாள் முழுக்க ஒரு சின்ன பாட்டில். அதற்குக் காவல் என் மனைவி செல்வலட்சுமி. வத்திராயிருப்பு மச்சான் ஆசையாகக் கொண்டுவந்த இளநீர்க் குலையை, இவருக்கு ஆகாது என்று வந்த ஆட்டோவிலேயே திருப்பி அனுப்பினாள்.

அப்பேர்ப்பட்ட காவல்காரிதான் கொஞ்ச நாளாக அடிக்கடி காணாமல் போனாள். பக்கத்து வீட்டு மாரிக்கனியிடம் போகிறாள். எதுக்கு என்று கேட்டால், "சும்மாதான்" என்பாள். திரும்பும்போது முகம் தெளிந்திருக்கும். எனக்குப் பயம் வந்துவிட்டது. நோயாளியோடு கிடந்து சலித்துப்போய், அங்கே அழுது தீர்த்துவிட்டு வருகிறாளோ?

ஒருநாள் பின்தொடர்ந்தேன். தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு மாரிக்கனி வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் பதுங்கினேன். அங்கே நின்ற சேவல் என்னைத் திருடனாகவே முடிவு செய்துவிட்டது.

அடுக்களை ஜன்னல் திறந்திருந்தது. செல்வலட்சுமி அண்ணாந்து, ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள்.

"இன்னைக்கும் உங்க வீட்டுல தண்ணி வரலையாக்கா?" என்றாள் மாரிக்கனி.

"வருது. அவிய முன்னாடி குடிச்சா அவியளுக்குத் தாகம் கூடிருமே. அதான் வீட்டுல வாயே நனைக்கதில்ல."

அந்த நேரம் பார்த்துச் சேவல் காலில் ஒரு கொத்து கொத்தியது. நான் போட்ட சத்தத்தில் இருவரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

"இங்க என்ன பண்ணுதீய?" என்றாள் செல்வலட்சுமி.

"விசாரணை," என்றேன், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஏட்டி, இனிமே என் முன்னாடியே குடி. நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் மத்தியானம் என் எதிரே உட்கார்ந்து, தயங்கித் தயங்கி ஒரு டம்ளர் குடித்தாள். எனக்கு நாக்கு வறண்டதுதான். சொம்பை எடுத்து, நானே அவளுக்கு இன்னொரு டம்ளர் ஊற்றினேன்.