பெயர் எழுதாத ஜெபக்குறிப்பு

தையலக்கா அந்த ஜெபக்குறிப்பில் பெயரை எழுதவில்லை. பிறகு வந்த எட்டு நாளும் அதைத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். பெயர் எழுதவில்லையே, பெயர் எழுதவில்லையே என்று. உண்மைதான். பெயர் ஒன்றைத்தான் எழுதவில்லை.

டயர்க் கடைக்கு மேலே, மாடியில் கூடுகிற சபை அது. எண்ணி எழுபது குடும்பம் இருக்கும். அந்தக் காலத்தில் ஜெபக்குறிப்பைச் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவார்கள். இப்போது டப்பாவும் போயிற்று, சீட்டும் போயிற்று. போனில் ஒரு குழு. யாருக்கு என்ன பாரம் என்றாலும் தையலக்காவிடம் சொன்னால் போதும், சனிக்கிழமை சாயங்காலம் அவள் அழகாகத் தொகுத்துப் போடுவாள். கீழே வரிசையாக ஆமென் வந்து விழும். சீட்டுக் காலத்திலிருந்து பதினோரு வருஷமாக ஊரார் பித்தப்பைக் கல்லையும், வேலைத் தேடலையும், பிள்ளை வரத்தையும் சுமந்தவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, இல்லையென்று சொன்னால் அது பொய்.

அந்த வெள்ளிக்கிழமை அவளுடைய நாத்தனார் தையல் கடைக்கு வந்தாள். புருஷனின் தங்கை. ரத்தப் பரிசோதனை லேப்பில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. வெள்ளைக் கோட்டின் பை கிழிந்திருந்தது, தைக்கக் கொடுத்தாள். தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்தச் சத்தத்துக்கு நடுவே சொன்னாள்.

"அண்ணி, அம்மா போனதுலேர்ந்து எனக்கு ஜெபம் வரல. ஒரு வருஷம் ஆச்சு. உதடுதான் அசையுது. கண்ணை மூடினா இருட்டா இருக்கு, அவ்வளவுதான்."

தையலக்கா இயந்திரத்தை நிறுத்தினாள்.

"நிறுத்தாதீங்க, தைங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் யார்கிட்டம்மா சொல்லப்போறேன்? ஆண்டவர்கிட்டதான் சொல்லுவேன்."

ஆனால் அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இந்தப் பாரம் ஒருத்தி சுமக்கிற பாரமா? மறுநாள் குழுவில் எழுதினாள்: 'லேப்பில் வேலை செய்துகொண்டு நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் வகுப்பெடுக்கிற, போன வருஷம் தாயைப் பறிகொடுத்த ஒரு சகோதரியால் ஜெபிக்க முடியவில்லை. அவருக்காக ஜெபியுங்கள். பெயர் வேண்டாம், ஆண்டவருக்குத் தெரியும்.'

ஆண்டவருக்கு மட்டுமா தெரிந்தது? டயர்க் கடைக்காரருக்கே தெரிந்துவிட்டது. அவர் சபையில்கூட இல்லை.

நாற்பத்தொரு ஆமென் விழுந்தது. இதற்கு முன் எந்தக் குறிப்புக்கும் அத்தனை விழுந்ததில்லை. தையலக்கா அதை எண்ணி, கொஞ்சம் சந்தோஷமும் பட்டாள். அடுத்த அரை மணி நேரத்தில் நாத்தனார் குழுவிலிருந்து விலகியதாக ஒரு வரி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து அறையில் பதினாறு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். டீச்சர் வரவில்லை.

போன் செய்தாள், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனாள், பூட்டியிருந்தது. திங்கட்கிழமை காலையில் தையலக்கா வெறும் வயிற்றோடு லேப்புக்குப் போய் உட்கார்ந்தாள். டாக்டர் சர்க்கரை பார்க்கச் சொல்லி ஒரு மாசம் ஆகியிருந்தது. இதுவரை சாக்குச் சொன்னவள், இன்று அதையே சாக்காக வைத்துக்கொண்டு வந்தாள்.

"டோக்கன் நாப்பத்திரெண்டு."

நாத்தனார் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கையை நீட்டுங்க. விரலை மடக்குங்க."

"பேரைச் சொல்லலையேம்மா நான்..."

"ஆமா, சொல்லல." ரப்பர் பட்டையை இறுக்கினாள். "லேப்ல வேலை, ஞாயிறு பள்ளி டீச்சர், அம்மா செத்தவ. வீட்டு நம்பரை மட்டும் ஏன் விட்டீங்க அண்ணி? அதையும் போட்டிருக்கலாம்."

"பாரம் தாங்கலம்மா. நாப்பது பேர் ஜெபிச்சா நல்லதுன்னு நெனைச்சேன்."

"நாப்பது பேரும் போன் பண்ணாங்க. ஒருத்தங்க, என்ன பாவம் பண்ணேன்னு யோசிச்சுப் பாக்கச் சொன்னாங்க. ஒருத்தங்க சத்து மாத்திரை பேர் சொன்னாங்க. ஒருத்தங்க ரெண்டும் சொன்னாங்க."

ஊசி ஏறியது. நாள் முழுக்க ஊசியோடு குடும்பம் நடத்துகிறவள்தான் தையலக்கா, ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"புதன்கிழமை கமிட்டில என்னைப் பத்திப் பேசறாங்க. ஜெபிக்க முடியாதவ பிள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பான்னு கேள்வியாம். உங்களைத்தான் கூப்பிடுவாங்க. பன்னெண்டு வருஷமா எடுக்கிறேன் அண்ணி. இந்த ஒரு வருஷமும் அந்தப் பதினாறு பேருக்காகத்தான் மாடிப்படி ஏறினேன். அந்த அறையும் இல்லேன்னா நான் அங்க வரவே மாட்டேன்."

"நான் போய் அது நீ இல்லேன்னு சொல்லிடறேன்."

"பொய் சொல்லுவீங்களா? கமிட்டில உக்காந்துகிட்டு?"

"உனக்காகச் சொல்லுவேன்."

"எனக்காக ஒண்ணும் சொல்ல வேணாம். நான் கேட்டது அது ஒண்ணுதானே?" குழாயை எடுத்து அதில் நம்பர் ஒட்டினாள். "போன மாசம் நம்ம சபையாளுங்க ரெண்டு பேர் இதே நாற்காலில உக்காந்தாங்க. யார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதே."

"தெரியாதில்ல?" பஞ்சை வைத்தாள். "அழுத்திப் பிடிங்க. நாப்பத்திமூணு!"

இரண்டு நாளும் தையலக்கா துணியைத் தொடவில்லை. அளவெடுக்காமல் கத்திரி வைத்த துணியை ஒட்டுப் போடலாம், பழைய துணியாக ஆக்க முடியாது. அது அவளுக்குத் தெரியாததா? குழுவில் போட்ட பழைய குறிப்புகளைப் போனில் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். 'பெயர் வேண்டாம்' என்று அவள் எழுதியவை மட்டும் முப்பதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றையும் படித்தாள். ஒவ்வொன்றும் யார் என்று முழுச் சபைக்கும் தெரிந்திருக்கும்.

புதன்கிழமை கமிட்டியில் மூன்று பேர். பாஸ்டர், செயலாளர், பிள்ளைகளை அழைத்துவர வேன் ஓட்டுகிற பெரியவர். பாஸ்டர் நல்ல மனுஷர், ஆனால் எதையும் தீர்த்து முடித்துவிட வேண்டும் அவருக்கு.

"அக்கா, அந்தக் குறிப்புல இருக்கிறது அவங்கதானே? உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

தையலக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "என்கிட்ட ஒருத்தர் சொன்னது, என்கிட்ட சொன்னது பாஸ்டர். நான் வெளியில சொன்னதே தப்பு. இனிமே சொல்ல மாட்டேன்."

"அதான் எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சே அக்கா."

"தெரிஞ்சிருக்கலாம். அதுக்காக நான் ரெண்டாந்தடவையும் சொல்லணுமா?"

செயலாளர் தொண்டையைச் செருமினார். "நமக்கு ஒரு பொறுப்பு இருக்கு. பிள்ளைங்களைக் கேட்டேன். வகுப்பு முடிஞ்சதும் டீச்சர் சத்தமா ஜெபிக்கிறதே இல்லையாம். ரெண்டு நிமிஷம் எல்லாரும் சும்மா உக்காந்திருக்காங்களாம். நான் ஏதோ புது முறைன்னு நெனைச்சேன்."

"என் பேத்தி அதை வீட்டுக்கும் கொண்டாந்துட்டாய்யா" என்றார் வேன் பெரியவர். "சாப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் யாரும் வாயத் திறக்கக் கூடாதுங்குது. எங்க வீட்டுல அந்த ரெண்டு நிமிஷம்தான் ஆண்டவர் இருக்கிற மாதிரி இருக்கு. மத்த நேரம் என் பொண்டாட்டிதான் இருக்கா."

செயலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாஸ்டர் சிரிக்கவில்லை. தையலக்கா பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒண்ணும் சொல்லலேன்னா நான் எதை வச்சு முடிவெடுக்கிறது அக்கா?"

"எடுக்காதீங்க பாஸ்டர்" என்றாள் தையலக்கா. "அவ டீச்சரா இருக்கட்டும். என்னை வேணா எடுத்துடுங்க." போனை மேஜைமேல் வைத்தாள். "குழுவை வேற யாராவது பாத்துக்கட்டும். எனக்கு வாய் அடங்கல."

பாஸ்டர் போனை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், அவளிடமே கொடுத்தார். குழுவை வேறு ஆளிடம் மாற்றப் போனைத் தர வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியாது. பாவம், அவளுக்கு அதுவும் ஒரு டப்பாதான். அதை மாற்றும் பொறுப்பைச் செயலாளர் ஏற்றுக்கொண்டார்.

"வகுப்பு அப்படியே இருக்கட்டும்" என்றார் பாஸ்டர். "நாளைக்கு நான் அவங்க வீட்டுக்குப் போறேன். எதுவும் கேக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். தையலக்காவைப் பார்க்காமல் நேரே பக்கத்து அறைக்குப் போனாள். பிரசங்கம் முழுக்கத் தையலக்காவின் காது அந்தக் கதவில்தான் இருந்தது. கடைசியில் உள்ளே சத்தம் அடங்கியது. அவள் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது.

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, நாத்தனார் வந்து ஒரு கவரை அவள் மடியில் வைத்தாள். வாய் ஒட்டிய கவர்.

"ரிப்போர்ட்டு. ஆறு நாளா வாங்க வரலையே நீங்க?"

"உன் மூஞ்சில முழிக்கப் பயம். நீ பாத்தியா?"

"டெஸ்ட் பண்ண லேப்ல வேலை செய்யறேன், பாக்காம இருப்பேனா? அண்ணன் கேட்டார். அவர்கிட்டகூடச் சொல்லல."

தையலக்கா கவரைப் பிரிக்கவில்லை. "மோசமா இருக்கா?"

"இனிமே காபிக்குச் சர்க்கரை கிடையாது. பயப்படற அளவு இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "குழுவுல போடச் சொல்லவா?" என்றாள்.

"அடிப் பாவி! நாப்பது பேரும் வந்து என் சர்க்கரை டப்பாவைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

நாத்தனார் சிரிக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை.

"நான் ஜெபிக்கணும்னு கேட்டீங்கன்னா, எனக்கு இன்னும் வரல அண்ணி. அதைத் தெரிஞ்சுக்கோங்க."

"கேக்கலம்மா. சும்மா உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு நாற்காலி இடம் விட்டுத்தான் உட்கார்ந்தாள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே வந்த வேன் பெரியவர், "எந்திரிங்கம்மா, அடுக்கணும்" என்றார்.

"ரெண்டு நிமிஷம்" என்றாள் நாத்தனார்.

அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.